எல்லைக்கு அந்தப் பக்கத்து ரோடு

என் வீட்டுக்காரருக்கு ரோடு என்றால் பைத்தியம். மற்ற ஆம்பிளைகளுக்குச் சீட்டு, தண்ணி, பந்து விளையாட்டு, இவருக்கு ரோடு. கோலா சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகிற வழியில் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டினார். காலையில் பசியாற உட்கார்ந்தால் போதும், நேற்று எந்த வளைவில் மண் இறங்கியது, எந்தப் பாலத்துப் பலகை ஆடுகிறது என்று ஆரம்பித்துவிடுவார். நான் டவுனில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் கௌண்டரில் இருந்தேன். பஸ் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வேன். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கிற ஒரு தொந்தரவுக்குப் பெயர் ரோடு, அவ்வளவுதான் என் கணக்கு.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அந்த வெள்ளைக்காரர்கள் எங்கள் தோட்டத்துக்குள் வந்து புதைந்தார்கள். ஜெர்மனிக்காரர்கள், புருஷனும் பெண்டாட்டியும், இரண்டு பேருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. தங்கள் ஊரில் தீயணைப்பு வண்டியாக ஓடி ஓய்ந்த ஒரு லோரியை வாங்கி, பின்னால் கட்டில், அடுப்பு எல்லாம் வைத்து வீடாக்கி, அதிலேயே துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இந்தியா என்று ஓட்டி வந்திருந்தார்கள். மதராஸில் கப்பலேற்றி பினாங்கில் இறக்கி, சிங்கப்பூர் வரை போய்த் திரும்புகிற வழியில், கம்போங் குவாந்தானில் ஆற்றோரம் மின்மினி பார்க்க ஆசை வந்திருக்கிறது. யாரோ குறுக்கு வழி சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தோட்டத்து மண் ரோடு மேலே பார்த்தால் செம்மண் கெட்டியாகத்தான் தெரியும். அடியில் முழுக்கக் களி. நாலு நாள் மழை விழுந்தால் மேல்தோல் மட்டும்தான் ரோடு.

பின் சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. யாராவது வரும்வரை சும்மா இருந்திருக்கலாம். அந்த மனுஷன் தானே ஜேக் போட்டுத் தூக்கப் பார்த்திருக்கிறார். களியில் ஜேக் சறுக்கி, அதன் கம்பி மணிக்கட்டில் அடித்து எலும்பு முறிந்துவிட்டது. குலை ஏற்றிக்கொண்டு அந்த வழியாக வந்த என் வீட்டுக்காரர்தான் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டு, அவரை அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று துணி துவைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையோடு போனவள், அடுத்த சில வாரங்களுக்கு அதுவே என் இரண்டாவது உத்தியோகமாகப் போகிறது என்று அப்போது அறியவில்லை.

கைக்கு மாவுக்கட்டு. அவிழ்க்கும்வரை எங்கே போவார்கள்? தோட்டத்து மேனேஜர் துரையிடம் கேட்டு, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்துப் பந்துத் திடலின் ஓரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டார்கள். லயமே வந்து வேடிக்கை பார்த்தது. அந்த அம்மா யாரைப் பார்த்தாலும் கும்பிட்டார், இந்தியாவில் கற்றுக்கொண்டதாம். எனக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வீடு வாசல் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, பத்து ஊர்த் தூசியைத் தின்றோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மனுஷர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. நாங்கள் எப்போதடா சொந்தமாக ஒரு வீடு வாங்குவோம் என்று கிடந்தோம்.

சாயங்காலம் ஆனால் இவர் குளித்து, தலை சீவி, மாப்பிள்ளை மாதிரி கிளம்பிவிடுவார். நானும் கூடப் போக வேண்டும், மொழிபெயர்க்க. என் இங்கிலீஷ் ‘வாயைத் திறங்க, கொப்பளிங்க, அடுத்த வாரம் வாங்க’ என்கிற அளவுக்குப் பழகினது. அதை வைத்துக்கொண்டு பலுசிஸ்தானத்தை எப்படிச் சொல்வது?

“அந்தப் பாலைவனத்துல ரோட்டுக்கு என்னா மண்ணு போட்டிருக்காங்கன்னு கேளு.”

“மண்ணு என்னாங்க மண்ணு? மணலா இருக்காம். காத்தடிச்சா ரோடே மறைஞ்சிடுமாம்.”

“அப்ப எதப் பார்த்து ஓட்டுனாங்க? கேளு.”

கேட்டேன். முன்னால் போன லோரிகள் போட்டுவிட்டுப் போன கிழிந்த டயர்களைப் பார்த்து ஓட்டினார்களாம். மணல் இல்லாத இடத்தில் ரோடு தகர ஷீட் மாதிரி அலை அலையாக இருக்குமாம். மெதுவாகப் போனால் பல்லெல்லாம் ஆடிவிடும், ஒரே வேகமாகப் போனால் அலையின் தலைமேல் மிதந்து போய்விடலாம் என்று அந்த அம்மா கையால் காட்டினார். இவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “நம்ம பதினாறாம் நெம்பர் ரோடு வெயில் காலத்துல அப்படித்தான லா!” என்றார். துருக்கி மலையில் பனிக்காகச் சக்கரத்தில் சங்கிலி கட்டியது, ஈரான் எல்லையில் லோரிகள் மைல்கணக்கில் வரிசையாக நின்று டிரைவர்கள் அடியிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்தது, ஆந்திராவில் தார் ரோட்டின் மேல் நெற்கதிரைப் பரப்பி வைத்து வண்டிகள் மிதிக்கட்டும் என்று ஆட்கள் ஓரமாக நின்றது, எல்லாவற்றையும் நான் தமிழில் சொன்னேன். எனக்குக் கொட்டாவி வரும். இவர் கண் இமைக்கமாட்டார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

மாவுக்கட்டு அவிழ்க்கப் போகிற வாரம் அந்த அம்மா விஷயத்துக்கு வந்தார். கட்டு அவிழ்த்தாலும் பல மாதத்துக்குக் கனமான ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தனியாக அந்த அம்மாவால் ஊர் வரை ஓட்ட முடியாது. உங்கள் புருஷன் எங்களோடு வருவாரா? தாய்லாந்து, பாங்காக்கில் கப்பல், பர்மா வழி அடைத்திருப்பதால் கல்கத்தாவில் இறக்கி மறுபடியும் ரோடு, ஜெர்மனி வரைக்கும். சாப்பாடு, சம்பளம், திரும்பி வர விமான டிக்கெட், எல்லாம் அவர்கள் பொறுப்பு. எட்டு மாதம் ஆகலாம்.

ஒரு நிமிஷம் அது முழுக்க என் வாயில் இருந்தது. இரண்டு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால் முடிந்தது கதை. அந்த நினைப்பு வரத்தான் செய்தது, ஏன் வராது? நாலு வயதுப் பெண் பிள்ளை ஒன்று, ஓட்டைத் தகரக் கூரை ஒன்று, இதோடு என்னை விட்டுவிட்டுப் பாலைவனத்துக்கா? ஆனால் இவர் முகத்தைப் பார்த்தேன். ஜெர்மனி, டிரைவர், டிக்கெட் என்கிற வார்த்தைகள் அவருக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தன. ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தேன். இவர் எழுந்து போய் லோரியின் முன் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தார். 

பதிலை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். பிடித்துக்கொண்டது சண்டை.

“எட்டு மாசம்! பிள்ளையை யாரு பாத்துக்கிறது?”

“நீ இருக்கியே.”

“என்னை யாரு பாத்துக்கிறது?”

“உன்னை யாராலயாவது பாத்துக்க முடியுமா?” என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, பாத்திரங்களை எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு சத்தத்தோடு கழுவினேன்.

அப்புறம் குரலை இறக்கிச் சொன்னார். “பத்து வருசமா ஓட்டுறேன். ஓட்டுனதெல்லாம் நேரா விட்டிருந்தா எந்த ஊருக்கோ போயிருப்பேன். ஆனா தோட்டத்துலேருந்து பேக்டரி, பேக்டரியிலேருந்து தோட்டம். இந்த ஒரு தடவ என்னைய விடு. திரும்பி வந்து சாகுற வரைக்கும் குலை ஏத்துறேன்.” கெஞ்சுகிற ஜாதி இல்லை அவர்.  போய்த் தொலைங்க என்று சொல்லிவிட்டேன்.

படுத்த பிறகுதான் அவருடைய ஐசி ஞாபகம் வந்தது. சிவப்பு ஐசி.

இது எங்கள் ஊரில் இல்லாதவர்களுக்குப் புரியாது. அடையாளக் கார்டு நீலமாக இருந்தால் குடிமகன். சிவப்பாக இருந்தால் இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் இல்லை. கல்யாணம் பேசும்போது ஜாதகத்துக்கு முன்னால் எங்கப்பா கேட்ட கேள்வியே, மாப்பிள்ளைக்குக் கார்டு என்ன கலர் என்பதுதான். சிவப்பு என்றார்கள். ஆனால் கனரக லைசென்ஸ் இருக்கிறது, குடிப்பதில்லை என்று தெரிந்ததும் அப்பா சமாதானமாகிவிட்டார்.

அது சிவப்பானதற்குக் காரணம் என் மாமனார். மகன் லயத்தில் பிறந்த அன்றைக்கு, சந்தோஷத்தில் ஒரு சேவலைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கணக்கு எழுதுகிற கிராணியிடம் விவரம் சொல்லியிருக்கிறார். கிராணி சேவலை வாங்கிக்கொண்டு, வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். முடிந்தது. அரிசி கொடுப்பதும் கிராணி, வேலைக்குப் பேர் போடுவதும் கிராணி, வீடு ஒதுக்குவதும் கிராணி. அவரிடம் சொன்னால் அரசாங்கத்திடம் சொன்ன மாதிரிதான் என்று மாமனார் நினைத்தார். லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். போலீஸ் நிலையத்தில் போய்ப் பதிந்தால்தான் பிறப்புப் பத்திரம் என்று அவருக்குத் தெரிய வந்தபோது, இவருக்குப் பன்னிரண்டு வயதாகி ஐசி எடுக்கும் நேரம் வந்துவிட்டது. நான் டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். எனக்கு நீலம்.

காலையில் சொன்னேன். இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “லைசென்ஸ் குடுத்தான் இல்ல, பாஸ்போர்ட் குடுக்க மாட்டானா?”

கோலாலம்பூருக்கு நாங்கள் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுப் போனோம். கௌண்டரில் இருந்த மலாய்ப் பெண் மரியாதையாகத்தான் பேசினார். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது, கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. பாஸ்போர்ட் குடிமக்களுக்குத்தான், முதலில் குடியுரிமை வாங்கிவிட்டு வாருங்கள் என்றார். குடியுரிமைக்கு எழுதிப்போட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. வேறு வகையான ஒரு பயணத்தாள் உண்டு, அதற்கும் நாளாகும், அதை வைத்துக்கொண்டு இத்தனை நாட்டில் விசா வாங்குவது கஷ்டம் என்றும் அவரே சொன்னார். இவர் “தெரிமா காசே” என்று நன்றி சொல்லிவிட்டு ஐசியை எடுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் ரோட்டைப் பார்க்கவே இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? என் புருஷன் என்னோடு இருக்கப் போகிறார். நான் கெட்டவளாகாமலே காரியம் நடந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்தேன். அவர் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

வெள்ளைக்காரரிடம் விளக்குவதுதான் பெரிய பாடாகிவிட்டது. “இவர் எங்கே பிறந்தார்?” என்று கேட்டார். அதோ, அந்த லயத்தில் என்று கையைக் காட்டினேன். “அப்படியென்றால் எந்த நாட்டுக்காரர்?” என்றார். எந்த நாடும் இல்லை என்றேன். என் இங்கிலீஷில்தான் கோளாறு என்று நினைத்து இன்னொரு தரம் மெதுவாகக் கேட்டார். நானும் மெதுவாக அதையே சொன்னேன். அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடிக்க வேண்டிய கை என்னுடையது இல்லை. ஆனாலும் விட்டுவிட்டேன்.

கடைசியில் இவரே ஒரு வழி சொன்னார். தாய்லாந்து எல்லை வரைக்கும் தான் ஓட்டிக்கொண்டுபோய் விடுவதாக. அதற்கப்புறம் அந்த அம்மா கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டட்டும், வழியில் வேறு டிரைவர் கிடைக்கலாம். நானும் வர வேண்டும். பிள்ளையை அம்மா வீட்டில் விட்டோம். கிளம்புகிற அன்று காலையில், “உன் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்க” என்றார். அப்பாவோடு ஒரு தடவை கப்பலில் தமிழ்நாட்டுக்குப் போய் வருவதற்காக எடுத்த பாஸ்போர்ட் அது.

“எதுக்குங்க?”

“சும்மா எடுத்துக்கன்னா எடுத்துக்கயேன்.”

சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி நகர்த்தினார். வெள்ளைக்காரர்கள் பின் இருக்கையில். அந்த லோரிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊர் ரோட்டில் இடது ஓரமாகப் போய்க்கொண்டு, இடது பக்கமே உட்கார்ந்து ஓட்டினால், முன்னால் போகிற வண்டியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருந்த நான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொள்கிற நான்!

சுங்கை பெசார், சுங்கை ஆயர் தாவார், சபாக் வரைக்கும் என் உயிர் என்னிடம் இல்லை. “வருதா?” என்பார். “வருது, வருது!” என்பேன். “எவ்வளவு தூரத்துல?” என்பார். எனக்கு எப்படித் தெரியும்? “ஒரு லோரி வருதுங்க, பெரிசா இருக்கு!” என்று கத்துவேன். பேராக் மாநிலத்துக்குள் நுழைந்து தெலுக் இந்தான் தாண்டிய பிறகு கொஞ்சம் பழகியது. ஈப்போ வருவதற்குள், “வளைவு இருக்கு, பொறுங்க” “இப்ப நேர் ரோடு, ஏறுங்க” என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன். தைப்பிங்கில் மழை. அலோர் ஸ்டார் பக்கம் இரண்டு புறமும் வயல், ரோடு கோடு போட்ட மாதிரி. இவர் விசிலடித்துக்கொண்டு ஓட்டினார். அந்தக் கனமான ஸ்டியரிங்கை ஒரு கையால் வளைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வண்டி ஓட்டுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அழகாக இருந்தார்.

புக்கிட் காயு ஈத்தாமில் எல்லைக் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்தார். இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்தார். அந்த அம்மாவிடம் சாவியைக் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“உன்கிட்டதான் பாஸ்போர்ட் இருக்கே. இவங்களோட கொஞ்ச தூரம் போயி, அந்தப் பக்கம் ரோடு எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வந்து சொல்லு.”

எனக்குத் திட்ட வாய் வந்தது. முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

கௌண்டரில் இருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும்போது என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டே குத்தினார். தாய்லாந்துக்காரரும் அப்படித்தான். அந்த அம்மா ஓட்ட, முன்னால் உட்கார்ந்து போனேன். கடைகள் முடிந்து, மரங்கள் வந்து, ஒரு ஏற்றம் ஏறி இறங்கியதும் ஒரு சாப்பாட்டுக் கடை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். அந்த அம்மா கட்டிக்கொண்டு அழுதார். அவர் புருஷன் கட்டு அவிழ்த்த கையைத் தூக்கிக் காட்டினார். லோரி போய்விட்டது.

நான் ரோட்டோரத்தில் தனியாக நின்றேன். இரண்டு பக்கமும் ரப்பர் மரம். எங்கள் ஊர் மரம்தான். பால் பிடிக்கிற கோப்பைகூட எங்கள் ஊர் மாதிரியே கட்டியிருந்தது. இதற்கா அத்தனை பாடு? ஒரு சைக்கிள்கூட மிதிக்கத் தெரியாதவள் நான். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, விட்டுவிட்டார்கள். அவரை ஏன் விடவில்லை? நண்டுக் குழம்பு வைத்துக் கொண்டாடினேனே என்று நினைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. செத்துப்போன மாமனார் மேல், சேவலை வாங்கிக்கொண்ட கிராணி மேல், மரியாதையாகப் பேசிய அந்தப் பெண் மேல், எல்லார் மேலும் கோபம் வந்தது. அந்த ரோட்டில் நின்று சத்தமாகவே திட்டினேன். சாப்பாட்டுக் கடைக்காரி எட்டிப் பார்த்தாள். தமிழ் தெரியாதே, பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு, சொல்லிவிட்ட வேலை ஞாபகம் வந்து ரோட்டைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கேட் வரைக்கும் நடந்து வந்தேன்.

இவர் இந்தப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தார். கிளாஸில் தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது.

“ரோடு எப்படி?”

“நல்லாத்தான் இருக்கு.”

“நல்லான்னா?”

“தார்தான். ஒட்டுப் போட்ட எடம் ரெண்டு மூணு. ஓரத்துல சரளை, ரெண்டடி இருக்கும், ஒதுங்கி நிக்கலாம். எடது பக்கம் ஆழமா ஒரு காவா. நம்மள மாதிரியே எடப்பக்கம்தான் ஓட்டுறாங்க.”

“ஏத்தம்?”

“ஒன்னு இருக்கு. நீளமா இருக்கு, செங்குத்தா இல்ல. அந்தம்மா மூனாவது கியர்லயே ஏறிட்டாங்க. ஆனா எறக்கத்துல எடப்பக்கம் வளைவு, எதுக்க வர்றது தெரியாது. அங்க மட்டும் மெதுவா போகணும்.”

“பாலம்?”

“சின்னதா ஒன்னு. ரெண்டு லோரி போகலாம், ஒட்டிக்கிட்டு.”

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 

“அப்ப நான் ஓட்டியிருப்பேன் இல்ல?” என்றார்.

கேள்வியாகத்தான் கேட்டார். வண்டி ஓட்டுவதைப் பற்றி அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

“ஓட்டியிருப்பீங்க,” என்றேன்.